வெள்ளிக்கிழமை சுருங்கிய பவளம்

என் கையெழுத்தைப் படித்து டைப் செய்பவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழைகள் நிறைய இருக்கும்... திருத்திக்கொள்ளுங்கள். இந்த வாரம் தாளில் அங்கங்கே வட்ட வட்டமாக வெள்ளைக் கறை வேறு இருக்கிறது. பயப்பட வேண்டாம். உப்புத் தண்ணீர் சொட்டிக் காய்ந்தது. தட்டிவிட்டுப் படிக்கலாம்.

வாராவாரம் படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி. மதுரையில் வீடுகளிலும் க்ளினிக்குகளிலும் இருக்கும் மீன் தொட்டிகளைப் பராமரிப்பது என் வேலை. அதிலும் கடல் மீன் தொட்டி என்றால் கூடுதல் பிரியம். கடலே இல்லாத ஊரில் கடலுக்குக் காவல்காரன்!

போன திங்கட்கிழமை ஒரு வீட்டு ஹாலில், இரண்டு கையிலும் தண்ணீர் சொட்டச் சொட்ட, மாட்டிக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, ஸ்கிம்மர் எங்கண்ணே?"

கேட்டது ஹேமா. ஏழு மாத வயிறு. வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காகப் பெங்களூருவிலிருந்து முதல் நாள்தான் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கை நிறைய வளையல். தொட்டிக்கு அடியில், தண்ணீரைச் சுத்தம் செய்யும் அந்த மிஷின் இருக்க வேண்டிய அலமாரியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, குனிய முடியாமல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா பத்மா அக்கா.

பதில் எனக்குத் தெரியாமல் இல்லை. அக்காவை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

காமராசர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்தில் அந்த வீடு. சௌராஷ்டிரக் குடும்பம். சேலை வியாபாரம். ஹேமா காலேஜ் படிக்கும்போது ஆசை ஆசையாக அமைத்த தொட்டி அது. கல் மாதிரி இருக்கும் பவளத்தை யாரும் வீட்டில் வைக்கக் கூடாது, சட்டம் விடாது. இவள் வைத்திருந்தது மென்பவளம். காளான் குடை போல விரியும். குடையின் மேலெல்லாம் சின்னச் சின்ன விரல்கள் நீண்டு, தண்ணீர் ஓட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும். அந்த விரல்களுக்குள் புகுந்து புகுந்து வரும் ஒரு ஜோடி க்ளவுன் மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை.

கல்யாணம் ஆகிப் போகும்போது நகைப் பெட்டியைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லையாம். தொட்டியைப் பற்றித்தான் ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து வாரம் ஒரு முறை, திங்கட்கிழமை, நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

இந்தச் சித்திரையில் ஹேமா உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தி வந்தது. பிரசவத்துக்கு இங்கேதான் வருவாள். பத்மா அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அதே மாதத்தில்தான் அந்தக் குடைப் பவளம் சுருங்க ஆரம்பித்தது.

நான் போகும் திங்கட்கிழமை பாதி விரிந்திருக்கும். "சனிக்கிழமையெல்லாம் மூடியே கெடந்துச்சு தம்பி" என்று அக்கா சொல்வார். நான் தலையை ஆட்டிக்கொள்வேன். பிறகு தண்ணீரைச் சோதிப்பேன், கண்ணாடியைத் துடைப்பேன், வாரேன்க்கா என்று கிளம்பிவிடுவேன். சனிக்கிழமை மட்டும் ஏன் மூட வேண்டும்? இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டுமா, இல்லையா? கேட்கவில்லை. அடுத்தவர் வீட்டில் அதிகம் பேசுவது எனக்கு எப்போதுமே வராது. தொட்டி இருக்கும் இடம் வரைக்கும்தான் வீடு. அதைத் தாண்டி என் பார்வைகூடப் போகாது. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கிம்மர் தொட்டிக்குப் போதவில்லை, அதனால்தான் இப்படி என்று நானாக முடிவு செய்தேன்.

ஸ்கிம்மர் என்றால் என்ன? பருப்பு கொதிக்கும்போது மேலே நுரை பொங்குமே... கரண்டியால் வழித்து எடுத்து ஊற்றுவோம் அல்லவா? அதே வேலைதான். அறையில் இருக்கும் காற்றை ஒரு சின்னக் குழாய் வழியாக இழுத்து, பொடிப்பொடிக் குமிழியாக்கித் தண்ணீருக்குள் விடும். மீன் கழிவு, மிச்சத் தீனியின் பிசுபிசுப்பு எல்லாம் குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். மேலே ஒரு கப். அதில் பழுப்புத் தண்ணீராகச் சேரும். அந்த நாற்றத்தை எழுத எனக்குப் படிப்பு போதாது.

கப்பலூரில் அக்ரிலிக் பட்டறை வைத்திருக்கும் ராஜாங்கம் என் பழைய கூட்டாளி. மதுரைப் பக்கத்துத் தொட்டிகளுக்கு ஸ்கிம்மர் செய்துகொடுப்பது அவன்தான். சொன்னதும், பழையதைப் போல இரண்டு மடங்கு பெரியதாக ஒன்று செய்துகொடுத்தான். மாட்டிவிட்டேன். ஒரே வாரத்தில் கப் நிறைய மையைப் போலக் கருந்தண்ணீர். பத்மா அக்கா எட்டிப் பார்த்து, "எம்புட்டு அழுக்கு தம்பி! இதெல்லாமா உள்ள இருந்துச்சு?" என்றார். எனக்கும் பெருமைதான்.

இங்கே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நமக்கெல்லாம் வெளியே வந்த அழுக்கைக் கண்ணால் பார்த்தால்தான் திருப்தி. காதைக் குடைந்தால் பஞ்சைப் பார்க்கிறோம். வீடு பெருக்கினால் முறத்தைப் பார்க்கிறோம். அழுக்கு நிறைய வந்திருந்தால் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே என்ன ஆனது என்று யார் பார்க்கிறார்கள்?

உள்ளே பவளம் இன்னும் மோசமானது. குடை விரியவே இல்லை. விரல்கள் எல்லாம் உள்ளே போய், வெறும் தோல் முண்டு மாதிரி நின்றது. சிவப்பும் வெள்ளையுமாகத் திரிந்த ஒரு இறால் செத்துப்போனது. க்ளவுன் ஜோடி குடைக்குள் போக முடியாமல் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டது.

ஹேமா தினமும் போட்டோ கேட்பாளாம். அக்கா பழைய போட்டோக்களைத் தேடித் தேடி அனுப்பிக்கொண்டிருந்தார். "வயித்துப் பிள்ளக்காரி தம்பி... இதப் பாத்தா தாங்க மாட்டா. அவ வாரதுக்குள்ள எப்படியாச்சும் சரி பண்ணிருங்க" என்றார். அன்றைக்குச் சமயநல்லூரில் என் வீடு போய்ச் சேரும் வரைக்கும் மொபட்டில் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அடுத்த திங்கள் எனக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் போக முடிந்தது. அந்த வீட்டுக்கு நான் வெள்ளிக்கிழமை போனது அதுதான் முதல் தடவை.

கையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தேன். பத்மா அக்கா பூஜை அறையிலிருந்து தூபக்காலோடு வந்தார். நல்ல கட்டிச் சாம்பிராணி. வாசல், ஹால், மூலை முடுக்கு என்று காட்டிக்கொண்டே வந்து, கடைசியில் தொட்டிக்கு முன்னால் நின்று மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு குனிந்து, அடியில் இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்தார்.

"உள்ளயும் கொஞ்சம் காட்டிர்றேன் தம்பி. மிஷின் ஓடுற எடம்ல."

தூபக்காலை உள்ளே வைத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாம்பிராணிப் புகை மேலேதானே போக வேண்டும்? இது போகவில்லை. மெல்லிசாக ஒரு நூல் மாதிரி பிரிந்து, வளைந்து, ஸ்கிம்மரின் காற்றுக் குழாய்க்குள் போனது. குழாய் அதை இழுத்து இழுத்துக் குடித்தது.

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து வெள்ளிதோறும் ஹாலில் போடுகிறாராம். பவளம் சுணங்கியதும், யார் கண்ணோ பட்டுவிட்டது என்று அலமாரிக்குள்ளும் காட்ட ஆரம்பித்தார். அப்படியும் தேறவில்லை என்றதும் செவ்வாய்க்கிழமையும் சேர்த்துக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். பவளம் வாட வாட அக்கா புகையைக் கூட்டினார். பவளம் வாட வாட நான் மிஷினைப் பெரிதாக்கினேன். பெரிய மிஷின் இன்னும் அதிகமாகப் புகையைக் குடித்தது. இரண்டு பேரும் அவரவர்க்குத் தெரிந்த வகையில் பாசத்தோடுதான் செய்தோம்.

நான் படித்தவன் இல்லை. புகையில் இருக்கும் எது பவளத்தைச் சுட்டது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அன்று ஸ்கிம்மர் கப்பைத் திறந்து மோந்து பார்த்தேன். அந்த நாற்றத்துக்கு மேலே கோயில் வாசனை அடித்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஆனால் அதை எப்படிச் சொல்வது? மகளுக்காகப் போட்ட புகை. மகள் வளர்த்ததை அதுதான் கொல்கிறது என்று ஒரு தாயிடம் நான் போய்ச் சொல்வதா?

"மிஷின் சரியில்லக்கா. கழட்டிருவோம்" என்றேன்.

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையில் இருந்த தூபக்காலைப் பார்த்தார். உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். நான் அலமாரிக்குள் தலையை விட்டுக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அவர் ஹேமாவுக்கு ஃபோன் போட்டு அவர்கள் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் வெகுநேரம் பேசினார். எனக்கு அந்தப் பாஷை ஒரு வார்த்தை தெரியாது. நடுவில் "ஸ்கிம்மர்" என்பதும் என் பெயரும் மட்டும் காதில் விழுந்தன. மிஷின் ரிப்பேர் விஷயத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

காற்றுக் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டால் போதுமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். அந்த ஜன்னலுக்கு வெளியே டூவீலர் ஒர்க் ஷாப். சாம்பிராணிக்குப் பதில் சைலன்சர் புகையைக் குடித்திருக்கும்.

அப்படியானால் தண்ணீரை யார் சுத்தம் செய்வது? பாசிதான். கழிவு அழுகித் தண்ணீரில் உரமாகிறது. பாசி அதைத் தின்று வளர்கிறது. தொட்டிக்குள் வளர்ந்தால் அசிங்கம். கீழே அலமாரிக்குள் இருக்கும் அடித்தொட்டியில் தனியாக ஒரு சொரசொரப்பான வலையைத் தொங்கவிட்டு, அதன் மேல் தண்ணீரை மெல்லிய திரையாக வழியவிட்டு, இரண்டு பக்கமும் விளக்குப் போட்டால், பாசி அந்த வலையிலேயே குடியேறிவிடும். வாரம் ஒரு தடவை வழித்துப் போட்டால் கழிவும் அதோடு வெளியே போய்விடும். காற்றுக் குழாயும் வேண்டாம், நாற்றமும் இல்லை.

ராஜாங்கத்திடம் போய்ச் சொன்னேன். பட்டறையே சிரித்தது. "ஏன் மாப்ள, ஊரே பாசியக் கழுவ உன்னையக் கூப்புடுது. நீ பாசி வளக்கப் போறியா? பேசாம நிலையூர்க் கண்மாயில கொண்டுபோய்ப் பவளத்தப் போட்டுரு. அம்புட்டும் பாசிதேன்" என்றான்.

அவன் செய்த மிஷினைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்ற கோபம் வேறு. ஆனாலும் தண்ணீர் வழியும் குழாயில் நேர்கோடாக வாய் வெட்டிக்கொடுத்தது அவன்தான். வலைக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பத்மா அக்கா ஒரு பிளாஸ்டிக் வலையைக் கொண்டுவந்து நீட்டினார். ஹேமா பள்ளிக்கூடத்தில் எம்ப்ராய்டரி போட வாங்கியதில் மிச்சம். ராஜாங்கம் அதை ஆக்சா பிளேடால் இரண்டு பக்கமும் சுரண்டிச் சொரசொரப்பாக்கிக் கொடுத்தான். முணுமுணுத்துக்கொண்டேதான்.

பிறகு காத்திருப்பு. முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் பழுப்பாக ஒரு வழுவழுப்பு. அக்காவிடமிருந்து ஃபோன். "தம்பி, முன்னாடியெல்லாம் பாசி புடிச்சிருச்சுன்னு கூப்புடுவேன். இப்ப பாசி வரலன்னு கூப்புடுறேன். என் நெலமையப் பாத்தீங்களா?"

ஒரு மாதத்தில் வந்தது. பச்சைப் பசேலென்று, வயலில் நாற்று மாதிரி. பவளத்தில் ஒவ்வொரு விரலாக எட்டிப் பார்த்தது.

வழிக்கும் நாளை அக்காவே வியாழன் என்று வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து எதையும் வழித்துப் போடக் கூடாதாம். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி இப்போதெல்லாம் பூஜை அறைக் கதவைத் தாண்டி வருவதில்லை என்று அக்கா ஒருநாள் சொன்னார். ஏதோ வசதிக்காக மாற்றிக்கொண்டார் என்று நினைத்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் நடந்தது அப்படியில்லை.

வளைகாப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது தண்ணீர் திடீரென்று கலங்கியது. பவளம் மறுபடி மூடிக்கொண்டது. ஓடினேன். வலையில் பாசி விரல் கனத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக வழிக்கவில்லை. மேலே பச்சை, அடியில் வெளிச்சம் படாமல் அழுகல். ஒரு கொத்துப் பிய்ந்து தண்ணீரில் கரைந்திருந்தது. அதுவரைக்கும் தின்றதையெல்லாம் பாசி திருப்பிக் கக்கிவிட்டது.

அந்த மூன்று திங்களும் நான் அலமாரியைத் திறந்து பார்த்தவன்தான். பாசி கனப்பது தெரிந்தது. "வழிச்சா நல்லதுக்கா" என்றேன். அவரும் சரி என்றார். அவ்வளவுதான்.

"அம்புட்டு அழகா வளந்திருக்கு... கைய வைக்க மனசு வரல தம்பி" என்றார் அக்கா. கண் கலங்கியிருந்தது.

அவரைக் குறை சொல்ல முடியுமா? வழித்தால் நல்லது என்றுதானே சொன்னேன். வழிக்காவிட்டால் கெட்டுவிடும் என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் எவ்வளவு தூரம்! கடுமையாகப் பேசிவிடக் கூடாது என்று நாம் பாதியை முழுங்கிவிடுகிறோம். அந்த முழுங்கிய பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

தண்ணீரைப் பாதிப் பாதியாக மாற்றி, வலையை அலசி, ஒரு வாரம் நான் தினமும் போனேன். ஹேமா வருவதற்கு முதல் நாள் மத்தியானம் குடை முழுசாக விரிந்தது. க்ளவுன் ஜோடி உள்ளே போய் உட்கார்ந்தது. நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்தோம்.

அதற்குப் பிறகுதான் அந்தத் திங்கட்கிழமை. "அண்ணே, ஸ்கிம்மர் எங்கண்ணே?"

"மோட்டார் போயிருச்சும்மா" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு.

ஹேமா அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எனக்கு எல்லாம் தெரியும்ணே. நீங்க கழட்டுன அன்னைக்கே அம்மா ஃபோன்ல அழுதாங்க. 'என் சாம்பிராணிதான் உன் பவளத்தக் கொன்னுருக்கு. பாவம் அந்தத் தம்பி, என்னையக் காப்பாத்த மிஷின் மேல பழியப் போடுறாரு. நீயும் அவருகிட்ட ஒண்ணும் கேட்டுக்காத'ன்னாங்க. நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

பக்கத்தில்தான் இருந்தேன். அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு. நான் அவரிடம் மறைத்ததைத்தான் அவர் என் தலைக்கு மேலே நின்று முழுசாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்!

"பெறகு ஏம்மா கேட்ட?" என்றேன்.

"நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான்."

அக்கா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "மொத வாரமே எதுக்குச் சனிக்கெழம மூடுதுன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா, அந்த எறா பொழச்சிருக்கும்ல தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதிலேயே இருக்கிறது.

ராஜாங்கம் இப்போது பார்க்கும்போதெல்லாம் ஸ்கிம்மரா பாசியா, எது ஒசத்தி என்று சொல்லு மாப்ள என்று வம்புக்கு இழுக்கிறான். நிறைய மீன் இருக்கிற க்ளினிக் தொட்டிகளில் இன்றைக்கும் அவன் ஸ்கிம்மர்தான் ஓடுகிறது. நானேதான் மாட்டிவிட்டு வருகிறேன். யாராவது எது நல்லது என்று கேட்டால், முதலில் வீட்டைக் காட்டுங்கள் என்கிறேன். வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை கிளம்பும்போது அக்கா வாசல் வரைக்கும் வந்தார். "தம்பி, பிள்ள பொறந்ததும் தெனம் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடணும். இந்த ஹால்லதான் எடம் வசதி. இப்பதான் மிஷின் இல்லயே... போடலாம்ல?"

மொபட்டில் உட்கார்ந்தவன் இறங்கினேன். பாதியை முழுங்கவில்லை.

"போடக் கூடாதுக்கா. தண்ணி மேலயும் புகை படியும். தொட்டி இருக்கிற ஹால்ல வேணவே வேணாம்."

அக்கா கொஞ்சம் திகைத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

ஹேமாதான் இதையெல்லாம் எழுதச் சொன்னாள். எழுதும்போது தோன்றுகிறது... அன்று சொன்னதும் பாதிதான். பவளத்துக்கு ஆகாத புகை பச்சைப் பிள்ளை மூச்சுக்கு மட்டும் எப்படி ஆகும் அக்கா? ஹாலில் மட்டும் இல்லை, எந்த அறையிலும் வேண்டாம். நேரில் சொல்ல வாய் வரவில்லை. நீங்களும் வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்தானே அக்கா.

எழுதி முடித்தது: ஆவணி மாதம், வியாழக்கிழமை, பாசி வழிக்கும் நாள்.